இருபத்தொரு நாள் இடைவெளி

2024 ஜூலை 31 புதன்கிழமையும் ஆகஸ்ட் 1 வியாழக்கிழமையும் கப்வே நகரத்து விதைக் கிடங்கில் லவ்னெஸ் சிபேசா வேலைக்கு வரவில்லை. இரண்டு நாளுக்கும் சேர்த்து அவள் அனுப்பிய குறுஞ்செய்தி ஒன்றுதான்: "மதர்ஸ் டே."

ஜாம்பியாவில் ஒரு பெண் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மாதவிலக்குக்கென்று மாதத்தில் ஒரு நாள் சட்டப்படி அவளுடையது; அந்த விடுப்புக்குத்தான் இந்தப் பெயர். மருத்துவச் சீட்டு வேண்டாம், காரணமும் வேண்டாம். ஆண்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் பதிவேட்டில் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். ஊழியர் பிரிவின் மேபின் கபுங்கோவும் பதினாறு வருடமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். ஆனால் ஒரு மாதத்தின் கடைசி நாளையும் அடுத்த மாதத்தின் முதல் நாளையும் ஒட்டவைத்து ஒருத்தி எடுத்தது இதுவே முதல் தடவை.

மேலாளர் சியாமே மேபினின் அறைக் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். "விதை லாரி வாசல்ல வரிசையா நிக்குது, அந்தம்மா ரெண்டு நாள் வீட்ல. ஏற்கெனவே கடைசி எச்சரிக்கை வாங்கினவ. இது செல்லுமா, செல்லாதா? சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க, பாஷி முத்தாலே."

முத்தாலேயின் அப்பா என்று அர்த்தம்; மேபினை அங்கே மகள் பெயரால்தான் கூப்பிடுவார்கள். முத்தாலே இப்போது தொலைவில், வடக்கே லுவிங்குவில் இருந்தாள், அம்மாவோடு. ஆசிரியையான மனைவிக்கு அங்கே மாற்றலாகி மூன்று வருடம். சென்ற ஈஸ்டருக்கு இருவரும் வரவில்லை. காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஊழியர் பிரிவில் முன்பு மூன்று பேர். சட்டத்தை மனப்பாடமாகச் சொல்லும், எல்லோரும் மரியாதையாகப் 'பா' சேர்த்து அழைத்த பா ரெஜினாவையும், சம்பளப் பட்டியல் போட்ட பையனையும் அனுப்பிவிட்டு, கம்பெனி அவர்களுக்குப் பதிலாகக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஏஐ ஒன்றை மேபினின் கணினியில் போட்டுக் கொடுத்தது. இரண்டு நாற்காலிகளிலும் இப்போது அட்டைப்பெட்டிகள். சில நாட்களில் அவர் வேலைக்கு மத்தியில் அதனிடம் வானிலை கேட்பார். அது வெளியே போய்ப் பார்த்துவந்தாற்போலப் பதில் சொல்லும்.

இருபது எட்டு வைத்தால் விதைகளைப் பொட்டலம் கட்டும் கூடம். அங்கே பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்த பனா சோலாவிடம், அதாவது சோலாவின் அம்மாவிடம், கேட்டிருந்தால் ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும். ஆனால் நாற்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை போய் அந்த நாளைப் பற்றி ஒரு தாயிடம் எப்படிக் கேட்பது? நாக்கு எழாது. கணினியிடம் கூச்சமில்லை. தட்டினார். மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. அப்படிப்பட்ட இரண்டு நாட்களுக்கு நடுவே குறைந்தது இருபத்தொரு நாள் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் அனுமதியின்றி வராததாகவே கொள்ள வேண்டும் என்று உட்பிரிவு எண்ணோடு சொன்னது. அந்த எண்தான் அவரை நம்பவைத்தது. பா ரெஜினாவும் எப்போதும் எண்ணோடுதான் சொல்வாள்.

உழவர் தின விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை, வேலைநீக்கக் கடிதத்தை லவ்னெஸ் நின்றபடியே படித்தாள்.

"இருபத்தொரு நாளா? யாரு சொன்னது?"

"சட்டம், அம்மா."

"ஜூலைக்கு ஒண்ணு, ஆகஸ்டுக்கு ஒண்ணு. இதுல எங்க வந்தது இடைவெளி? என் ஒருத்தி வேலையில நாலு பேரு சாப்பிடறோம், பாஷி முத்தாலே."

ஏன் இரண்டு நாள் என்று அப்போதும் அவள் சொல்லவில்லை. சொன்னால் சியாமே இளகக்கூடும் என்று தெரிந்தும் சொல்லவில்லை. கடிதத்தை நான்காக மடித்துச் இடுப்பில் சுற்றியிருந்த சித்தேங்கே துணியின் முடிச்சுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் கையுறைகளுக்குக் கையெழுத்து வாங்க வந்த பனா சோலா, வாங்கிய பிறகும் நகரவில்லை.

"இதை எங்கக்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"அது கேக்கற விஷயமா, அம்மா?"

"அந்தப் பொட்டிக்கிட்ட கேட்டீங்களாமே. அதுக்கு மாசாமாசம் வருதாமா?"

வெளியே இரண்டு பெண்கள் சிரித்தார்கள். பனா சோலா சிரிக்கவில்லை.

அவள் போனபின் மேபின் பா ரெஜினாவின் நாற்காலியிலிருந்த பெட்டிகளை இறக்கி, அடியில் கிடந்த சட்டப் புத்தகத்தை எடுத்தார். அந்தப் பிரிவில் சில வரிகளே இருந்தன. மூன்று முறை படித்தார். இடைவெளி என்ற பேச்சே இல்லை. கணினியிடம் அந்த உட்பிரிவை அப்படியே காட்டு என்றார். மன்னிக்கவும், அப்படி ஓர் உட்பிரிவு இல்லை, தவறாகச் சொல்லிவிட்டேன் என்றது. அதைச் சோதித்துப் பார்க்க, இல்லை, இருபத்தொரு நாள்தான் சரி என்று பொய்யாகத் தட்டினார். மன்னிக்கவும், நீங்கள் சொல்வதே சரி என்றது. ஒரே காலைப்பொழுதில் இரண்டு மன்னிப்பு. அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. அது அவ்வளவு சுலபமாக வந்ததில் அவருக்கு ஏதோ அவமானமாக இருந்தது.

புத்தகத்தைத் திறந்தபடியே சியாமேயிடம் கொண்டுபோனார்.

"கடிதத்துல கையெழுத்து யாரோடது?" என்றார் சியாமே.

"என்னோடது."

"அப்புறம் என்ன? அவ இடத்துக்கு ஆள் வந்தாச்சு. விட்டுடுங்க."

"தப்பு என் பேர்ல இருக்கே, பாஸ்."

"உங்க பேருக்கு என்ன கேடு? கம்பெனி பேரைப் பாருங்க. தொழிலாளர் அலுவலகம் பக்கம் போனீங்கன்னா, இந்தப் பிரிவுல அப்புறம் அந்தப் பொட்டி மட்டும்தான் இருக்கும்."

மேபின் அன்று முழுக்கச் சம்பளப் பட்டியலைச் சரிபார்த்தார். வெள்ளிக்கிழமை மின்சாரம் இல்லை. கையாலேயே இரண்டு பக்கம் எழுதினார்: என்ன கேட்டேன், யாரிடம் கேட்டேன், புத்தகத்தில் என்ன இருக்கிறது. கணினியின் மீது பழி போட ஒரு வாக்கியம் எழுதி, படித்துப் பார்த்து அடித்துவிட்டார். மதிய இடைவேளையில் தொழிலாளர் அலுவலகத்துக்கு நடந்துபோய்க் கொடுத்தார். வாங்கிக்கொண்ட குமாஸ்தா, "புகார் கொடுக்கறது யாரு, நீங்களா அந்தம்மாவா?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 9 திங்கட்கிழமை, தொழிலாளர் அலுவலகத்தின் உத்தரவின்படி லவ்னெஸ் சிபேசா வேலைக்குத் திரும்பினாள். வாசலில் எதிர்ப்பட்ட மேபினைக் கும்பிடாமல் உள்ளே போனாள். அன்று பிற்பகல், உரிய ஆதாரமின்றி ஆலோசனை வழங்கியதற்காக ஊழியர் பிரிவு அலுவலருக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்குமாறு சியாமே உத்தரவிட்டார். எச்சரிக்கைக் கடிதங்களைத் தட்டச்சு செய்வது ஊழியர் பிரிவின் வேலை. மேபின் அதைத் தட்டச்சு செய்தார், கொடுத்தவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்தும் பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்தும் போட்டார், நகலைத் தன் பெயருள்ள கோப்பில் கோத்து அலமாரியில் வைத்தார்.