சர்வரின் உள்பக்கம்

துடியலூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த அந்த மோட்டார் பம்ப் கம்பெனி, 1999இல் சொந்தமாக ஒரு வெப் சர்வர் வைத்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அன்புக்கரசிக்கு. வால்பாறை எஸ்டேட்டில் வளர்ந்து கோயமுத்தூரில் பொறியியல் முடித்தவள். சர்வரில் ஓடும் மென்பொருளின் பெயர் அப்பாச்சி. முதலாளி ரங்கராஜ் காதில் அது, அம்மாவின் அப்பாவைக் கூப்பிடும் அப்பச்சியாகத்தான் விழுந்தது. காலையில் வந்ததும், "ஏனுங் கண்ணு, அப்பச்சி சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தன் அறைக்குப் போவார்.

அமைப்புகள் எழுதியிருந்த ஃபைலைத் திறக்கவே அன்புக்கரசிக்குப் பயம். ஒருமுறை சும்மா பார்க்கத் திறந்து, கை தவறி ஒரு எழுத்து அழிந்து, கம்பெனியின் வலைப்பக்கம் அரை நாள் படுத்துவிட்டது. அதன்பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். சர்வரின் அமைப்புகள் முழுவதையும் பிரவுசரிலேயே காட்டும் தகவல் பக்கம் ஒன்று அப்பாச்சியில் உண்டு. அதில் பார்க்கலாம், மாற்ற முடியாது. ஒரே ஒரு முறை பயந்து பயந்து ஃபைலைத் திறந்து அதை இயக்கி வைத்தபின் நிம்மதியாக இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ரங்கராஜ் அவள் திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இதென்ன கண்ணு, ரயிலாட்டம் நீண்டுட்டே போகுது?"

"நம்ம சர்வருக்குள்ள என்னென்ன எப்படி வெச்சிருக்கோம்னு காட்டுதுங்க சார்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசிவரை உருட்டிப் பார்த்தார். புரிந்தது கொஞ்சம்தான், பெருமை நிறைய. "ஞாயித்துக்கிழமை சம்பந்தி ஊட்டுக்கு வாராரு. அட்ரஸை எழுதிக் குடு. ஊட்டு கம்ப்யூட்டருக்குன்னே தனி போன் லைன் இருக்குதல்லோ, அதுல காட்டிப்போடறேன்."

எழுதிக் கொடுத்தாள். அவர் போன பிறகுதான் உறைத்தது. ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் அவர் வீட்டில் தெரியும் என்றால், உலகத்தில் யாருக்கும் தெரியும். யார் பார்க்கலாம் என்று சர்வருக்கு அவள் எதுவுமே சொல்லி வைக்கவில்லை.

அந்தப் பக்கத்தை இப்போது ஓர் அந்நியனைப் போலப் படித்தாள். மென்பொருளின் பதிப்பு, ஃபோல்டர்களின் பெயர்கள், நடுவில் இன்னும் வெளியிடாத புது ஆழ்துளை மோட்டாரின் படங்கள் இருக்கும் இடம். எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு வழி வைக்காததால் யாரும் பார்க்க முடியாது என்று நம்பியிருந்தார்கள். அந்த ஃபோல்டரின் பெயரைப் பிரவுசரில் அடித்துப் பார்த்தாள். படங்கள் வரிசையாக வந்து நின்றன.

பக்கத்து மேஜையில் வலைப்பக்கங்களை வடிவமைக்கும் பாலகோபால் எட்டிப் பார்த்தான். "மூடிப்போட்டு, லைன் கோளாறுன்னு சொல்லிடுங்க. அவருக்கு என்ன தெரியப்போகுது?"

சொல்லியிருக்கலாம்தான். அவள் அந்த அமைப்பு ஃபைலையே மறுபடி திறந்து வேலையைத் தொடங்கினாள். தன் கம்ப்யூட்டர், முதலாளி அறைக் கம்ப்யூட்டர், இந்த இரண்டின் முகவரிக்கு மட்டும் பக்கம் திறக்கும்படி செய்தாள். படங்கள் இருந்த ஃபோல்டருக்குக் கடவுச்சொல் போட்டாள். பாலகோபாலைத் திறக்கச் சொன்னாள். அவன் திரையில் 'உங்களுக்கு அனுமதியில்லை' என்று ஆங்கிலத்தில் வந்தது. பிறகு சர்வரின் வருகைப் பதிவை முதலிலிருந்து பார்த்தாள். வெளியார் ஒருவர்கூட அந்தப் பக்கத்தைத் தொட்டிருக்கவில்லை. அதன்பிறகே எழுந்து ரங்கராஜின் அறைக்குப் போனாள்.

"சார், தப்பு என்னுதுங்க," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஃபேக்டரி பார்க்க வாரவங்களுக்கு அசெம்ப்ளியைக் காட்டறோம். மோட்டார் டிசைன் வரையற ரூமுக்குக் கூட்டிட்டுப் போறதில்லை. அப்படித்தானே?"

"அதேதானுங்க சார்."

"செரி. பூட்டினது பூட்டினதாவே இருக்கட்டும்." கொஞ்சம் முகம் வாடியது. "சம்பந்திகிட்டத்தான் பெருசாப் பேசி வெச்சுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஹாஸ்டலுக்கு அவளைத் தேடி போன் வந்தது. வார்டன் அறைக்கு ஓடினாள். மறுமுனையில் ரங்கராஜ். அவருக்குப் பின்னால் பலர் சிரிக்கும் சத்தம்.

"கண்ணு, மறந்தாப்ல அட்ரஸை அடிச்சுப்போட்டேன். எனக்கே அனுமதி இல்லைங்குது."

"மன்னிச்சுக்குங்க சார்..."

"எதுக்கு? என் கம்பெனி, என் சர்வர், நானே கூப்பிட்டாலும் அப்பச்சி கதவைத் திறக்க மாட்டேங்கறாரு. சம்பந்தி அசந்து போயிட்டாரு."

அவர் மனைவி ராமாமணி போனை வாங்கினார். "அம்மணி, திறக்காத பக்கத்தையே திரும்பத் திரும்பத் தட்டிக் காட்டிட்டிருக்காரு. பாயசம் ஆறிப்போச்சு. இன்னொருத்தர் உங்கிட்டப் பேசோணுமாம், இரு."

அடுத்து வந்தது சம்பந்தியாகப் போகும் சீனிவாசலுவின் குரல். ஸ்பின்னிங் மில் நடத்துபவர். "ஏனுங்க, எங்க மில்லுலயும் ஒரு சர்வர் வாங்கி வெச்சிருக்குதுங்க. அதுலயும் இந்த மாதிரி பக்கம் இருக்குமுங்களா?"

"இருக்கலாமுங்க."

"திறந்து கிடக்குதா பூட்டியிருக்குதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"வெளியில இருந்து அடிச்சுப் பார்த்தாத் தெரியுமுங்க. அங்கேயே கம்ப்யூட்டர் முன்னாலதானே இருக்கீங்க? மில்லு அட்ரஸைச் சொல்லுங்க, பின்னால என்ன சேர்க்கோணும்னு நான் சொல்றேன்."

அவர் எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினார். வார்டன் அம்மா ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.