வேலைக்கே போகாதவள்

நான் பார்த்த வேலைகள் எட்டு. காகிதத்தில் அதில் ஒன்றுகூடக் கிடையாது. மகள் சுபாவின் ஸ்கூல் அப்ளிகேஷன், காலேஜ் அப்ளிகேஷன், பேங்க் பாரம், கணக்கெடுக்க வந்த டீச்சரின் நோட்டு என்று எங்கெல்லாம் தொழில் என்ன என்று கேட்டார்களோ அங்கெல்லாம் 'இல்லத்தரசி' என்றுதான் இருக்கிறது. சில இடத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுதச் சொன்னவர் என் புருஷன் தர்மராஜ். நல்ல வார்த்தைதான். அரசி என்று சொல்லிவிட்டால் அப்புறம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை பாருங்கள்.

அவர் முசிறிக்காரர். காவிரிக் கரையில் வாழையும் நெல்லும் போடும் குடும்பம். "எங்க வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போனதில்ல" என்பதுதான் அவர்களுடைய பெரிய சொத்து. வயலைவிட அதைத்தான் அதிகம் காவல் காத்தார்கள். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கிறார் என்று எண்பத்தேழில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் மண்டி போயிற்று. அதிலிருந்து அவர் 'பிசினஸ்' பண்ணுகிறார். என்ன பிசினஸ் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. தென்னூரில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு சிநேகிதரின் ரியல் எஸ்டேட் ஆபீஸ் இருக்கிறது. அங்கே ஃபேனுக்குக் கீழே அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் காலையில் போவார், மத்தியானம் சாப்பிட வருவார். இத்தனை வருஷத்தில் ஊரில் ஒருவர்கூட அவரை வேலையில்லாதவர் என்று சொன்னதில்லை. சும்மா இருந்தவள் நான்தான்.

முதல் வேலை உறையூரில் ஒரு கல் பட்டறை. மூக்குத்தியிலும் தோட்டிலும் வைக்கிற செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்ட வேண்டும். அப்போது சுபா வயிற்றில். வயிற்றை ஒதுக்கி வைத்துக் குனிய முடியாமல் குனிந்து உட்கார்ந்திருப்பேன். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "போறதுன்னா போ. முசிறிக்கு மட்டும் தெரியக் கூடாது." மண்டி போன வருஷம் அது, மனுஷன் பாதியாக இளைத்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் தன் ஜனங்கள் முன்னால் தலை குனியக் கூடாது என்று எனக்கே தோன்றியது. அதைப் பிரியம் என்று நினைத்தேன். ஒரு வருஷத்தோடு அந்தப் பிரியத்தை நிறுத்தியிருக்க வேண்டும். புத்தியில்லை.

அப்புறம் நைட்டி தைத்தேன். எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று சவுதிக்குப் பேசி அழுதுவிட்டு, வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு "எவ்வளவுக்கா ஆச்சு" என்று கேட்கும் பெண்களைத் தினமும் பார்த்தேன். அவர்களாவது கூண்டுக்குள் போய் அழுதார்கள்.

செல்போன் வந்து பூத்தை மூடியதும் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். முசிறி பஸ் வந்து நிற்பதும் அங்கேதான். முகூர்த்த மாசம் வந்தால் என் கண் புடவையில் இருக்காது, வாசலில்தான் இருக்கும். தெரிந்த தலை ஒன்று உள்ளே நுழைந்தால் "ஸ்டாக் பாத்துட்டு வரேன்" என்று மாடிக்கு ஓடிவிடுவேன். வேலைக்கள்ளிக்குப் பிள்ளை மேல் சாக்கு என்பார்கள், எனக்கு ஸ்டாக் மேல் சாக்கு. எட்டே மாசத்தில் சூபர்வைசர் என்னைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்ததைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஏஜென்ட் கார்டில் என் புருஷன் பெயர், தெருத்தெருவாக நடந்த கால் என்னுடையது. பாலக்கரையிலிருந்து புத்தூர் வரைக்கும் நான் ஏறாத மாடி இல்லை. ஒரு வருஷம் நிறைய ஆள் சேர்த்ததற்காக ஒரு ஹோட்டலில் விழா வைத்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் ஆறாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்ததும் நானே.

கடைகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்தது ஒரு மூன்று வருஷம். கிரைண்டர் ஒன்றுக்கு இரண்டாகப் பின்கட்டில் ஓடும். முசிறியிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் இரண்டின் மேலும் துணியைப் போட்டு, பழைய சாமான் மாதிரி ஆக்கிவிடுவேன். பிறகு தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. கான்ட்ராக்ட் ஆள் என்பதால் ரெஜிஸ்டரில் பெயர் கிடையாது. ஆனால் ஏழு வருஷம் பெட்பேன் வைத்திருக்கிறேன், உடம்பு துடைத்துவிட்டிருக்கிறேன், எழுந்திருக்க முடியாதவர்களைப் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறேன். சொல்லப்போனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வலி குறைந்ததும் மனுஷர்கள் தூங்கிப் போவார்களே, அதைப் பார்க்கப் பிடிக்கும்.

அந்த அனுபவத்தில்தான் ஸ்ரீரங்கத்தில் கடைசி வேலை கிடைத்தது. உத்திர வீதியில் படுத்த படுக்கையாய் இருந்த ஒரு மாமி. மகன் அமெரிக்காவில். ஆறு வருஷம் பார்த்துக்கொண்டேன். போன தை மாசம் ஒரு காலையில் மாமிக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன், உடம்பு சில்லிட்டிருந்தது. பக்கத்து வீட்டார்தான் மகனுக்குத் தகவல் சொன்னார்கள். அன்று சாயங்காலம் மகன் எனக்கு போன் பண்ணி, "அம்மா ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டா, வேணி. நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்" என்றார். மாமியின் கண்ணை மூடிவிட்ட எனக்கே சேதி சொன்னார். அடுத்த மாசமே வீட்டை விற்றாயிற்று. இப்போது அந்த போன் நம்பரும் இல்லை.

ஐம்பத்தெட்டு வயசில் மறுபடி வேலை தேடினேன். அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்கு வார்டன் வேண்டும் என்று போர்டு தொங்கியது. நிர்வாகி அக்னஸ் மேடம் ரிட்டயர் ஆன டீச்சர். தங்கித்தான் வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லி, வார்டனுக்கான அறையைத் திறந்து காட்டினார். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சம்பளத்தைவிட அந்தத் தாழ்ப்பாள்தான் வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் யாருக்கும் பயப்படாமல் நான் சாத்திக்கொள்கிற மாதிரி ஒரு கதவு இருந்ததில்லை.

"எனக்குப் பிடிச்சிருக்கும்மா," என்றார் மேடம். "ஆனா அறுபது பொண்ணுங்க தங்குற எடம். நீங்க வேலை பாத்த எடம் எதுலயும் கேக்க ஆள் இல்லேங்கிறீங்க. வீட்டுக்கு வந்து உங்க மனுஷங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன். சனிக்கிழமை வரட்டுங்களா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அன்று இரவே என் புருஷனிடம் சொன்னேன். "ஏங்க, அந்தம்மா வந்து கேப்பாங்க. நான் வேலை பாத்தவதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்." அவர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார், மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷமாக அவர் பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அன்றும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முசிறியிலிருந்து என் நாத்தனார் வந்து இறங்கினார். என் புருஷனுடைய அக்கா. என் மகள் சுபலட்சுமியைத் தன் மகனுக்கே எடுத்துக்கொண்டதால் எனக்குச் சம்பந்தியும் அவர்தான். முட்டிவலிக்குத் தில்லை நகரில் டாக்டரைப் பார்க்க வேண்டுமாம், துணைக்கு சுபா வந்திருந்தாள். சுபா பி.காம். படித்தவள். நான் இட்லி மாவு அரைத்துப் படிக்க வைத்தேன். முசிறியில் சும்மா இருக்கிறாள்.

அக்னஸ் மேடத்துக்கு போன் பண்ணி வேறு நாள் வரச் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை நம்பரை எடுத்தேன். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். தெரியட்டுமே என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. இத்தனை வயசுக்கு மேல் என்னை யார் என்ன செய்துவிட முடியும்?

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேடம் வந்தார். நாத்தனார் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என் புருஷன் வெள்ளைச் சட்டையோடு எழுந்து, "வாங்க மேடம், உக்காருங்க" என்று கை கூப்பினார். காபி கொடுத்தேன். மேடம் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், வேணியம்மா எங்க ஹாஸ்டலுக்கு வார்டனா வரேங்கிறாங்க. ஆஸ்பத்திரியில, வீட்டுல எல்லாம் ஆளுங்களப் பாத்துக்கிட்ட அனுபவம் இருக்குன்னாங்க. உங்ககிட்ட ஒரு தடவ கேட்டுக்கலாம்னு வந்தேன்."

அவர் முதலில் அக்காவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கல்யாண வீட்டில் சிரிக்கிற சிரிப்பு.

"அவளா? வேலைக்கா? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவ எதுக்குங்க வேலைக்குப் போகணும்? வீட்டுல பொழுது போகல போலருக்கு, உங்ககிட்ட வந்து ஏதோ பேசியிருக்கா. தப்பா எடுத்துக்காதீங்க மேடம்."

அது எனக்குப் பெரிய அடியாகப் படவில்லை. அந்தப் பொய் எனக்குப் பழசு. மேடம் சுபா பக்கம் திரும்பி, "பொண்ணுதானம்மா நீங்க? நீங்க சொல்லுங்க" என்றபோது எனக்கு உயிரே வந்தது. காய்ச்சலோடு அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு டியூட்டிக்குப் போனவள் நான். நான் வருகிறவரைக்கும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

சுபா மாமியாரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"அம்மா ஹவுஸ் வைஃப்தாங்க."

எனக்குள் என்னவோ அறுந்தது. நடு வீட்டில் நின்று கத்தினேன். கல் தீட்டினதைச் சொன்னேன், நைட்டி தைத்ததை, பூத்தை, ஜவுளிக்கடையை, மாவை எல்லாம் சொன்னேன். "இந்தாளுக்குப் போத்துன பொன்னாடை பீரோவுல இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா? யாரு நடந்து வாங்கினது அது?" என்று கேட்டேன். பெட்பேன் வைத்ததையும் ஸ்ரீரங்கத்து மாமியின் புண்ணுக்கு மருந்து போட்டதையும் சொன்னேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அவர் சட்டைப் பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுபா அழுதாள்.

மேடம் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்றது நெஜமாத்தான் இருக்கும்னு என் மனசு சொல்லுது," என்றார். "ஆனா நெஜம்னா, முப்பத்தாறு வருஷமா ஒரு குடும்பத்துக்கே தெரியாம மறைச்சிருக்கீங்க. பொண்ணையும் மறைக்கப் பழக்கியிருக்கீங்க. நாளைக்கு ஹாஸ்டல்ல ஒரு பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீங்க என்கிட்ட வந்து சொல்லுவீங்களா, மறைப்பீங்களா? நான் எத நம்பட்டும், சொல்லுங்க?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். "மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்று என் தோளைத் தொட்டுவிட்டு மேடம் போய்விட்டார்.

கதவு சாத்தியதும் வீடே என்னைத் தின்றுவிடும் என்று எதிர்பார்த்தேன். நாத்தனார் மானம் போயிற்று என்று மாரடிப்பார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார், சுபாவின் வாழ்க்கை என்ன ஆகுமோ என்றெல்லாம் பயம். அவரோ நீட்டின காலை மடக்காமல், "எதுக்குடி இந்தக் கத்து கத்தினே?" என்றார். "எங்களுக்குத் தெரியாததா?"

"என்ன அண்ணி தெரியும்?"

"எல்லாந்தான். எங்க சின்ன மாமனாரு தில்லை நகர் ஆஸ்பத்திரியில கெடந்தாரே, ராத்திரி முழுக்க அவருக்குத் துணிய மாத்திவிட்டது யாரு? நீ மாஸ்க்க இழுத்து விட்டுக்கிட்டா அவருக்கு அடையாளம் தெரியாதா? வீட்டுக்கு வந்த அன்னைக்கே சொல்லிட்டாரு. அதுக்கு முன்னாடியே அரசல் புரசலாத் தெரியும்."

என் புருஷனைப் பார்த்தேன். அவரும் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் ரத்தம் இல்லை.

"தெரிஞ்சும் ஏன் அண்ணி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ பயந்துக்கிட்டு வேலைய விட்டுருவே. அப்புறம் இவனுக்குக் காலத்துக்கும் நாங்கல்ல சோறு போடணும்?" என்று தம்பியைக் காட்டிச் சிரித்தார். "அந்தப் புள்ள எப்படியோ ஓட்டுது, கண்டுக்காதீங்கன்னு அப்பாதான் சொன்னாரு. உன் நல்லதுக்குத்தான்."

ஜவுளிக்கடை மாடிப்படியில் நான் மூச்சிரைக்க ஓடியபோதெல்லாம் கீழே புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நான் எங்கே போகிறேன் என்று தெரிந்திருக்கிறது. அவர்கள் ஒளித்து வைத்த ரகசியத்தை நான்தான் சம்பளமில்லாமல் காவல் காத்திருக்கிறேன். ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. அழவும் வெட்கமாக இருந்தது.

"சரி விடு. அந்தத் தைலத்த எடுத்து முட்டியில கொஞ்சம் தேச்சு விடு, காலையிலேர்ந்து விண்விண்ணுனு தெறிக்குது" என்றார்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கை அதற்குள் தைலப் புட்டியை எடுத்துவிட்டது, அத்தனை வருஷப் பழக்கம். தரையில் உட்கார்ந்து, முட்டிச் சில்லைச் சுற்றி அழுத்தாமல், ஆஸ்பத்திரியில் தேய்ப்பது போலக் கீழிருந்து மேலாகத் தேய்த்தேன். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன இருந்தாலும் ஆஸ்பத்திரியில பழகின கையி. சுபாவுக்கெல்லாம் இப்படி வராது."

என் கை நின்றது. "இந்த வார்த்தைய அந்தம்மா இருக்கும்போது சொல்லியிருக்கலாமே அண்ணி? எனக்கு அந்த வேலை கெடைச்சிருக்குமே?"

"வெளி மனுஷி முன்னாடி எப்படிடி சொல்றது?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "நம்ம வீட்டு மானம் என்னாவறது?"

சொல்லிவிட்டு இன்னொரு காலையும் என் பக்கம் நீட்டினார்.