செத்தவள் பேரில் இருந்தவள்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசிலிருந்து கடிதம் வந்த அன்று தவசிமுத்து வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. யாரும் என்றால் இரண்டே பேர், அவரும் பரிபூரணமும். இரண்டு பேருக்கும் எழுத்து வாசிக்கத் தெரியாது. தபால்காரர்தான் வாசித்துக் காட்டிவிட்டுப் போனார். முதியோர் உதவித்தொகை கேட்டு மனுச் செய்திருக்கிறீர்; இந்தியக் குடிமகன் என்பதற்கான அசல் ஆதாரத்துடன் செவ்வாய்க்கிழமை நேரில் வரவும்.

"மனுவை யாரு போட்டது?" என்றாள் பரிபூரணம்.

"பக்கத்து வீட்டு முத்தாத்தாதான் எழுதி வாங்கிட்டு வந்தா. அவளுக்கு மாசாமாசம் வருதுல்லா. நான் ரேகை வச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீயளா அத்தான்?"

அவர் கண் மங்கி மில்லைவிட்டு நின்று நாலு வருஷம் ஆயிற்று. அவள் பேண்டேஜ் துணி மடித்துக் கொண்டுவருகிற கூலியில் உட்கார்ந்து தின்கிறவர். வெட்கம் பொறுக்காமல் ரேகை வைத்துவிட்டார். சர்க்கார் சும்மா கொடுக்காது, கொடுக்குமுன் வீட்டுக்குள் தலையை நீட்டிப் பார்க்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

தவசிமுத்து சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்து மூன்றில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு பெண்சாதி கிருபாபாயைக் கூட்டிக்கொண்டு கப்பலில் வந்தார். ராஜபாளையத்தில் மில் வேலை கிடைத்தது. பிள்ளை இல்லை. எண்பத்திரண்டில் கிருபாபாய் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ரேஷன் கார்டில் அவள் பேரை வெட்டினால் அரிசியும் சீனியும் குறையும். வெட்டவில்லை. ஊரில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான்.

அடுத்த வருஷம் சிலோனில் கலவரம். கிருபாபாயின் தங்கச்சி பரிபூரணம், புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, எண்பத்து நாலில் தோணி ஏறி மண்டபத்தில் வந்து இறங்கினாள். அவள் பேர் அகதிப் பதிவில் ஏறுமுன், தவசிமுத்து முகாம் வாசலில் போய் ரேஷன் கார்டை நீட்டினார். "இவ என் வீட்டுக்காரி கிருபாபாய். சொந்தக்காரங்களப் பாக்க வந்த எடத்துல கூட்டத்துல மாட்டிக்கிட்டா." காவலுக்கு நின்றவன் கார்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், போகச் சொல்லிவிட்டான். அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

அந்த நிமிஷத்தோடு பரிபூரணம் என்று ஒருத்தி எந்தக் காகிதத்திலும் இல்லாமல் போனாள். அகதிப் பதிவிலும் இல்லை, இந்தியப் பதிவிலும் இல்லை. கிருபாபாயை அடக்கம் பண்ணிய சபையார் கண்ணில் படாமலிருக்க வேறு தெருவுக்குக் குடிமாறினார்கள். கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு சர்ச்சில் பேர் சொல்லி ஓலை வாசிக்க வேண்டும். எந்தப் பேரை வாசிப்பது? அதனால் வாசிக்காமலே குடும்பம் நடந்தது. ஏழு வருஷம். தெருவுக்கு அவள் கிருபா அக்கா.

இந்தத் தொண்ணூற்றொன்றில், மே மாசத்துக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, போலீஸ் வீடு வீடாகச் சிலோன்காரர்களைக் கணக்கெடுத்தது. பதியாமல் இருப்பவர்களைப் பிடித்து அடைக்கிறார்கள், கப்பலேற்றப் போகிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் பரிபூரணம் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள்.

"போகாம இருந்துட்டா என்ன?" என்றாள்.

"போகலேன்னா ஏன் வரலேன்னு தேடி வருவான்."

செவ்வாய்க்கிழமை பாஸ்போர்ட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினார். ஆபீசில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஐயாதுரை சிரித்த முகமாக உட்காரச் சொன்னார். சிரிக்கிற அதிகாரியை நம்பாத தவசிமுத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"பெரியவரே, சிலோன் அகதின்னா இந்தப் பணம் கிடையாது. அவங்களுக்கு முகாம்ல தனி டோல் பணம். நீரு எந்த வகை?"

"நான் பாஸ்போர்ட்டுல வந்தவன் சார்."

ஐயாதுரை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மனைவி படம் ஒட்டிய பக்கத்தில் நின்றார். "அங்க அடையாளம் போட்டிருக்கே. மனைவிக்கு இடது கைக் கட்டைவிரல் நுனி இல்லை. நல்லது. ஆளக் கூட்டிட்டு வாரும், பாத்து எழுதிருவோம்."

தோட்டத்தில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்டுப் போன கிருபாபாயின் விரல் அது. அக்காளும் தங்கச்சியும் முகத்தில் ஒரே அச்சு, படத்தைப் பார்த்து எவனும் கண்டுபிடிக்க மாட்டான் என்றுதான் தவசிமுத்து நம்பி வந்தார். விரலை எழுதி வைத்திருப்பான் என்று யார் கண்டது?

"அவ செத்துட்டா சார்," என்று வாய் தானாகச் சொன்னது.

"எப்ப?"

"எம்பத்திரெண்டுல."

"அப்ப வீட்டுல நீரு ஒத்தைக்கட்டை. ஆதரவு யாருமில்லை."

"யாருமில்ல."

"பொறவு என்ன, கிடைச்சிரும். வியாழக்கிழமை வீட்டுக்கு வாரேன். ஒரு பார்வை பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுருவேன்."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது பரிபூரணம் சுவரோடு சுவராகச் சாய்ந்தாள். "அக்காவக் கொன்னுட்டு வந்துட்டீய. இப்ப நான் எங்க போவேன்? பஸ் ஸ்டாண்டுலல்லாம் போலீஸ் நிக்கான்."

"எங்கயும் போகாண்டாம். கூலிக்குத் துணி மடிக்கிறவ, எடம் பத்தாம இங்க வந்தவ மாதிரி ஒக்காந்துரு. ஊரு கேட்டா செட்டியார்பட்டின்னு சொல்லு. வாயத் தொறக்காத."

புதன்கிழமை முழுக்க அவள் சேலைகளை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றினாள். சீப்பு, கண்ணாடி, வளையல் எல்லாம் போயிற்று. வீட்டைப் பார்த்தால் தனி ஆண்பிள்ளை வீடு போலவே இருந்தது.

வியாழக்கிழமை ஐயாதுரை மோட்டார் சைக்கிளில் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

"இது யாரு?"

"கூலிக்குத் துணி மடிக்கிறவ சார். எடம் பத்தாம இங்க வந்து ஒக்காருது."

"எந்த ஊரும்மா?"

"செட்டியார்பட்டி."

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். பாதிப் பக்கம் போயிருக்கும். வெளியே முத்தாத்தாள் தொண்டையைத் திறந்தாள். "கிருபாக்கா! ஏ கிருபாக்கா! குழாய்ல தண்ணி வந்துருச்சு, கொடத்தத் தூக்கிட்டு வா! ஒன் வீட்டுக்காரரு என்ன, இன்னுமா ஒன்னக் கொஞ்சிக்கிட்டு இருக்காரு?"

பேனா நின்றது. துணி மடித்துக்கொண்டிருந்த கையும் நின்றது.

"அம்மா," என்றார் ஐயாதுரை, "இடது கையக் காட்டு."

அவள் காட்டினாள். ஐந்து விரலும் முழுசாக இருந்தன. ஐயாதுரை அந்தக் கையை நெடுநேரம் பார்த்தார். பாஸ்போர்ட்டில் உள்ளவள் செத்துவிட்டாள், அந்தப் பேரில் வேறொருத்தி இருக்கிறாள் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. முகத்தில் சிரிப்பு இல்லை.

தவசிமுத்து எழுந்து நின்றார். "சார், அந்த மனுவக் கிழிச்சிருங்க. எனக்குப் பணம் வேண்டாம்."

"கிழிக்க முடியாது. நம்பர் விழுந்தாச்சு."

"அப்ப எனக்கு ஆதரவு இருக்குன்னு எழுதித் தள்ளிருங்க."

"யாரு ஆதரவுன்னு எழுத? பேரு வேணும்லா?"

தவசிமுத்து அடுத்த பொய்யைத் தேடினார். கிடைக்கவில்லை.

"நான்தான்," என்றாள் அவள். "எம் பேரு பரிபூரணம்."

"ஏட்டி!" என்று அலறினார் தவசிமுத்து. அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பேரைச் சொல்லிவிட்டு, அடிக்கு நிற்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐயாதுரை எழுதினார். நாலு வரி, ஐந்து வரி இருக்கும். மை டப்பாவைத் திறந்து நீட்டினார். "ரேகை வையும்."

"என்ன எழுதியிருக்கிய சார்?"

"எழுத வேண்டியதத்தான் எழுதியிருக்கேன். வையும்."

தவசிமுத்து காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். கறுப்புப் புழுக்களாக ஏதோ நெளிந்தது. பரிபூரணமும் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. மாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியாது. அவர் ரேகை வைத்தார்.

ஐயாதுரை பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். தெரு முக்கில் இடது கைப் பக்கம் திரும்பினால் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோடு. வலது கைப் பக்கம் போலீஸ் ஸ்டேஷன். இரண்டு பேரும் மோட்டார் சைக்கிள் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முக்கு டீக்கடையில் அது நின்றது.

"அத்தான்," என்றாள் அவள், "டீ குடிக்க எம்புட்டு நேரம் ஆகும்?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.