வீட்டில் யாரும் அழுத்தாத பொத்தான்

சோப்பு நுரை போதவில்லை. மோதிரம் விரல் மூட்டு வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது. அவள் கணவனின் கையை மடியில் வைத்துக்கொண்டு திருகித் திருகி இழுத்தாள். ஊதிப்போன அந்த விரல் வேறு யாருடையதோ போல இருந்தது. நகக்கண்ணில் மட்டும் காகிதக் கூழ் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை வைத்துத்தான் அது அவன் கை என்று நம்ப முடிந்தது.

"பயப்படாம இழுங்கம்மா," என்றாள் செவிலி. "வீக்கம் இன்னும் ஏறினா வெட்டித்தான் எடுக்கணும். விரலைச் சொல்லல, மோதிரத்தை."

"அவருக்கு வலிக்குமா சிஸ்டர்?"

செவிலி பதில் சொல்லாமல் கிண்ணத்திலிருந்து இன்னும் கொஞ்சம் நுரையை எடுத்து விரலில் தடவினாள்.

அந்தப் பேசாமை அவளுக்குப் புரிந்தது. புரிந்துவிட்டது என்று காட்டிக்கொண்டால் அது உண்மையாகிவிடும் போலிருந்தது. அதனால் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "என்னங்க, கொஞ்சம் விரலை நீட்டுங்க," என்றாள். குழாய் வழியே காற்று உள்ளே போனது, வெளியே வந்தது. மார்பு ஏறி இறங்கியது. இயந்திரம் அவனுக்காக மூச்சு விட்டது. மோதிரம் சட்டென்று கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அப்போதுதான் மருத்துவர் உள்ளே வந்தார். கண்விழியில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு அவளை ஓரமாக அழைத்துப்போனார்.

"தொட்டிக்குள்ள எவ்வளவு நேரம் கிடந்தாரும்மா?"

"உடனே தூக்கிட்டாங்களாம் டாக்டர்."

"அப்படித்தான் அழைச்சிட்டு வந்தவங்களும் சொன்னாங்க. ஆனா உடனே தூக்கின ஆளு மாதிரி இல்ல. மூளைக்குக் காத்தே போகல. சரியாத் தெரிஞ்சா கேட்டுச் சொல்லுங்க."

"உடனே தூக்கியிருந்தா பிழைச்சிடுவாருல்ல?"

"உடனே தூக்கியிருந்தா," என்று மருத்துவர் ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும், "கேட்டுட்டு வாங்க," என்று மட்டும் சொன்னார்.

ஏதோ ஒரு கதவு இன்னும் மூடாமல் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. சரியான பதிலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் போதும். மோதிரத்தைக் கட்டை விரலில் மாட்டிக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடினாள்.

வராந்தாவின் கடைசி நாற்காலியில் கயிறு உட்கார்ந்திருந்தான். காகித ஆலையில் கணவனோடு வேலை செய்பவன். கூழ்த் தொட்டிக்குள் யார் இறங்கினாலும் மேலே நின்று பாதுகாப்புக் கயிற்றைப் பிடிப்பது அவன் வேலை. கயிறு என்று கணவன் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவன் வீட்டுக்கு வந்தால்கூட மகள், "கயிறு மாமா வந்திருக்காரு," என்பாள். காலையிலிருந்து அவன் அறைப் பக்கமே வரவில்லை. அவளைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான்.

"தம்பி, டாக்டர் கேக்கறாரு. எவ்வளவு நேரத்துல தூக்கினீங்க?"

"உடனேதான் அண்ணி."

"தரையைப் பாத்துச் சொல்லாதீங்க."

அவன் தலையைத் தூக்கவில்லை.

அந்தக் காகித ஆலையில் அவள் கணவனை எல்லோரும் ஹீரோ என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்கு ஒரு வருடத்துக் கதை இருந்தது. முன்பெல்லாம் பாதுகாப்புப் பயிற்சி என்றால் ஓர் அறையில் உட்காரவைத்துத் திரையில் எழுத்தாக ஓட்டுவார்கள். விளக்கை அணைத்தவுடன் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஒருமுறை கயிறு விட்ட குறட்டையில் மேலாளரே பேச்சை நிறுத்திவிட்டார் என்று கணவன் வீட்டில் நடித்துக் காட்டியிருக்கிறான். பிறகு பாதுகாப்பு அலுவலராக ஒரு சின்னப் பெண் வந்தாள். இனிமேல் பாடம் கைபேசியில்தான், அதுவும் விளையாட்டு மாதிரி இருக்கும், தூக்கமே வராது என்றாள். வெளியிலிருந்து நடிகரைக் கூட்டிவந்தால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்ம ஆளே நடிக்கட்டும் என்று இவனைப் பிடித்தாள்.

பாடம் இப்படித்தான் போகும். தொட்டியின் வாயருகே தலைக்கவசத்தோடு இவன் நிற்பான். கீழே மூன்று பொத்தான்கள் வரும். உடனே இறங்கு. மோந்து பார்த்துவிட்டு இறங்கு. காற்றைச் சோதித்து, மேலே ஆளை நிறுத்திவிட்டு இறங்கு. முதல் இரண்டில் எதை அழுத்தினாலும் இவன் இறங்கி, மயங்கி விழுந்து, சாவான். சரியானதை அழுத்தினால்தான் அடுத்த பாடம் திறக்கும். ஆனால் ஆலையில் ஒருவரும் சரியானதை முதலில் அழுத்துவதில்லை. ஹீரோ விழுவதைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை.

"ஹீரோ, இன்னைக்கு எத்தனை பேர் உன்னைக் கொன்னாங்க?" என்று உணவுக்கூடத்தில் கேட்பார்கள்.

"காலை ஷிப்ட் மொத்தமும் கொன்னுடுச்சு. மேனேஜர் ரெண்டு தடவை கொன்னாரு, அவருக்குச் சம்பளம் அதிகம்ல," என்பான். கேட்டவர்களுக்காக அங்கேயே ஒருமுறை விழுந்தும் காட்டுவான். எல்லோரும் பாடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதாக அலுவலருக்குப் பெருமை. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுகூட வந்தது.

"தம்பி," என்றாள் அவள். "உங்க அண்ணன் உள்ள கிடக்காரு. நான் யாரையும் திட்டப்போறதில்ல. என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

"எல்லாம் பாடத்துல இருக்கற மாதிரியேதான் செஞ்சோம் அண்ணி." அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மீட்டர் விட்டுக் காத்தைப் பாத்தோம். சுத்தமா இருந்துச்சு. அண்ணன் இடுப்புல கயித்தை நான்தான் மாட்டினேன். இறங்கினப்பறம் பக்கத்துத் தொட்டிக்கு மீட்டர் வேணும்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க. இருக்கறது ஒண்ணுதான. அடியில பழைய கூழ் கெட்டிப்பட்டுக் கிடந்துச்சு. அண்ணன் மண்வெட்டியால கிண்டினாரு. கிண்டக் கிண்ட வாயு வரும்னு தெரியும், ஆனா..."

"அப்பறம்?"

"விழுந்தாரு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

அவன் வாய் கோணியது. அழப்போகிறான் என்று நினைத்தாள். அழவில்லை.

"முதல்ல கை நெத்திக்குப் போச்சு அண்ணி. அப்பறம் ஏணியைப் பிடிக்கப்போற மாதிரி பாதி திரும்பினாரு. முழங்கால் மடிஞ்சு, ஒரு பக்கமா சாஞ்சாரு. பாடத்துல விழுவாரே, அச்சு அசலா அதேதான். நான் கை தட்டினேன்."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"'சூப்பர் அண்ணே, இன்னொரு தடவை'ன்னு கத்தினேன். டீ வந்துச்சு. அண்ணனுக்கு ஒரு டம்ளர் வாங்கி மூடி வச்சேன். 'டீ ஆறுது, போதும் எந்திரிங்க'ன்னு கூப்பிட்டேன். என்னை ஏமாத்தறாருன்னு நினைச்சு, நான் என் டீயைக் குடிச்சேன். குடிச்சு முடிச்சிட்டுத்தான் அண்ணி, கயித்தை ஆட்டிப் பாத்தேன். ஆட்டினா திருப்பி ஆட்டுவாரு. ஆட்டல."

யாரோ ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர்களைக் கடந்து போனார்கள். அதன் ஒரு சக்கரம் கிரீச்சிட்டது. அந்தச் சத்தம் வளைவு திரும்பி மறைந்தது.

பாடத்துக்கான படப்பிடிப்புக்கு முந்தைய வாரம் கணவன் வீட்டில் விழுந்து பழகினான். மெத்தையைக் கூடத்தில் இழுத்துப் போட்டு, தடால் தடாலென்று மூட்டை மாதிரி விழுந்தான். மகள் நடுவர். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த இவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இது சாகற மாதிரியா இருக்கு? ஆத்துல குதிக்கற மாதிரி இருக்கு."

"அப்ப நீ வந்து செத்துக் காட்டு, பாப்போம்."

கரண்டியை வைத்துவிட்டு வந்து காட்டினாள். மகள் வயிற்றிலிருந்தபோது பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தவள் அவள். அது எப்படி வரும் என்று உடம்புக்கு நினைவிருந்தது. முதலில் கண் இருட்டும், கை தானாக நெற்றிக்குப் போகும். பிறகு எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடி உடம்பு திரும்பும். அதற்குள் முழங்கால் கைவிட்டுவிடும். ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், அவன் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொடுத்தாள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் விழுந்துகொண்டே இருந்தான். கடைசியில் ஒருமுறை சரியாக வந்தது. மகள் பயந்துபோய், "அப்பா!" என்று கத்திவிட்டாள். அவன் மெத்தையில் கிடந்தபடியே ஒரு கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தான்.

"இப்ப?"

"இப்ப நிஜம்," என்றாள் அவள்.

"அண்ணி, ஏதாவது பேசுங்க," என்றான் கயிறு. "ரெண்டு அறை விடுங்க. ஏதாவது செய்யுங்க."

அவள் விரல்களுக்கிடையில் காய்ந்துபோயிருந்த சோப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் திரும்பி நடந்தாள்.

மருத்துவர் கட்டிலருகில் நின்றிருந்தார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். உடனேதான் தூக்கினாங்களாம்," என்றாள். பிறகு குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். "பக்கத்துலயே நின்ன ஆளு சொல்றாரு டாக்டர். விழுந்தாரு, தூக்கிட்டாங்க. நடுவுல ஒண்ணுமே இல்ல. நீங்க அதை வச்சுப் பாருங்க. உடனே தூக்கினவருக்கு என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்க."

மருத்துவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிம்மா," என்றார்.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "எந்திரிங்க, போதும்," என்றாள். "நல்லா இருக்கு. எல்லாரும் நம்பிட்டாங்க. எந்திரிங்க." தோளைப் பிடித்து உலுக்கினாள். செவிலி வந்து கையை விலக்கும் வரை உலுக்கினாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து மகளைப் பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிவந்து சேர்த்தபோது, இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். மார்பு ஏறவில்லை, இறங்கவும் இல்லை. மகள் சீருடையோடு கதவருகிலேயே நின்றாள். புத்தகப்பையைக் கழற்ற வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, யாருக்கும் தோன்றவில்லை.

உடலைக் கொடுக்க நேரமாகும் என்றார்கள். தாயும் மகளும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது பாதுகாப்பு அலுவலர் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. தோளில் மடிக்கணினிப் பை. தாயின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நான் நல்லதுக்குத்தான்... எல்லாரும் விரும்பிப் பாக்கணும்னுதான்..." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஹெட் ஆபீஸ்ல அந்தப் பாடத்தை இப்பவே எடுக்கச் சொல்லிட்டாங்க. வெளிய யாராவது போட்டுடுவாங்கன்னு பயப்படறாங்க. என்கிட்ட இருக்கற காப்பியையும் கேட்டு வாங்கிட்டாங்க. எடுத்துட்டா உங்க போன்லயும் திறக்காது. அதான், எடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"எடுத்துடுங்க," என்றாள் அவள். இனி ஒருவர் விரலாலும் அவன் விழக் கூடாது. அலுவலர் மடிக்கணினியைத் திறந்து தட்ட ஆரம்பித்தாள்.

"இருங்க." அவள் அலுவலரின் மணிக்கட்டைப் பிடித்தாள். "சரியானதை அழுத்தினா என்ன வரும்?"

"அக்கா?"

"அந்தப் பாடத்துல. நாங்க வீட்டுல அதை அழுத்தினதே இல்ல."

அது உண்மைதான். கைபேசியில் அந்தப் பாடம் வந்த முதல் நாளிலிருந்து, முதல் பொத்தான், இரண்டாம் பொத்தான், மறுபடியும் முதல் பொத்தான். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு அணைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் என்ன இருக்கிறது என்று யாருமே கேட்டதில்லை.

மகள் அம்மாவின் பையிலிருந்து கைபேசியை எடுத்தாள். பாடம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தொட்டியின் வாயருகே தலைக்கவசத்தோடு அவன் வந்து நின்றான்.

"அம்மா, மூணாவதா?"

"மூணாவது."

அவன் மீட்டரைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் விட்டான். குனிந்து எண்ணைப் படித்தான். திரும்பி யாரையோ கூப்பிட்டான். கயிறு வந்து நின்றான், தலையை ஒழுங்காக வாரியிருந்தான். கணவன் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி மறைந்தான். தொட்டியின் வட்டமான வாய் மட்டும் திரையில் இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முதலில் ஒரு கை வந்தது. பிறகு தலைக்கவசம். முட்டியில் கையை ஊன்றி மேலே ஏறி நின்றான். கவசத்தைக் கழற்றினான். வெளியே கிளம்பும்போதெல்லாம் செய்வதுபோல் உள்ளங்கையால் முடியைப் பின்னுக்குத் தள்ளினான். வீட்டில் பழகும்போது கேமராவைப் பார்க்கச் சொல்லி அவள்தான் எத்தனையோ முறை சொல்லியிருந்தாள். மறந்துவிட்டு, கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தான்.

"வேலை முடிஞ்சுது," என்றான். "நான் வீட்டுக்குக் கிளம்பறேன்."

படம் அங்கேயே நின்றது. கீழே 'அடுத்து' என்று ஒரு பொத்தான் மினுக்கியது.

"அதை அழுத்தணும்மா," என்றாள் மகள்.

"இருக்கட்டும்."

அலுவலர் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வராந்தாவின் கோடியில் கயிறு நின்றுகொண்டிருந்தான், கிட்டே வரவில்லை. கைபேசியின் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. அவள் மோதிரம் மாட்டிய கட்டை விரலால், பொத்தான் இல்லாத ஓரமாகப் பார்த்து, திரையை இலேசாகத் தொட்டாள். வெளிச்சம் திரும்பி வந்தது. கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் நின்றான். சற்று நேரத்தில் மறுபடியும் மங்கியது. மறுபடியும் தொட்டாள்.