தட்டில் மிதந்தவை

அண்ணி விடாமல் அவளைப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆர்.என்.ஏ.வோடு வேலை செய்கிறவர்களுக்குக் கைப்பேசி ஆகாத பொருள். விரல் வியர்வையில் இருக்கும் நொதியே ஆர்.என்.ஏ.வைச் சிதைத்துவிடப் போதும். கையுறை போட்டுவிட்டால் வீடே இடிந்து விழுந்தாலும் அவள் போனைத் தொடமாட்டாள் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அண்ணி நிறுத்தவில்லை. கையுறையை உருவி எறிந்துவிட்டு எடுத்தாள்.

அண்ணன் இனி கீமோ ஊசிக்குப் போகப்போவதில்லையாம். வரும் திங்கட்கிழமை போகவேண்டியது. டாக்டரிடம் தானே பேசி வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். அண்ணி அழவில்லை. குரலில் ஒரு கூச்சம்தான் இருந்தது, நல்ல செய்தியை நம்பலாமா என்று கேட்கிறவர்களுக்கு வரும் கூச்சம்.

"நீ மருந்து கண்டுபிடிச்சுட்டியாமே. எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். போன வாரம் நடந்தது இவ்வளவுதான். அண்ணனுக்கு வந்திருக்கும் அதே குடல் புற்றுநோயின் செல்களில் அளவுக்கு மீறி இருக்கும் ஒரு நீண்ட ஆர்.என்.ஏ. பின்னால் அவள் வருடக்கணக்காக அலைந்துகொண்டிருந்தாள். புரதம் எதையும் செய்யாத வகை. ஒரு காலத்தில் இவற்றைக் குப்பை என்றே ஒதுக்கியிருந்தார்கள். அதை வேலை செய்யவிடாமல் வாயை அடைத்துப் பார்த்தாள். செல் வளர்க்கும் தட்டின் அடியில் அப்பிக்கொண்டிருந்த செல்கள் பிடி விட்டு, உருண்டு, செத்து மிதந்தன. இப்படி நடந்தால் ஆராய்ச்சிக்காரர்கள் ஆய்வகத் தலைவரிடம் சொல்வார்கள், இன்னொரு முறை செய்து பார்ப்பார்கள். அவளோ அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். "அண்ணா, எல்லாம் செத்துப்போச்சு" என்றாள். அவ்வளவு சந்தோஷம். இது தட்டில் மட்டும்தான் என்று சொன்னாளா என்று இப்போது நினைவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் மனதில் ஏறியிருக்காது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதில் வீட்டு பல்பையெல்லாம் அவள் உடைத்துப் பார்த்த நாளிலிருந்து தங்கையை "விஞ்ஞானி" என்றுதான் கூப்பிடுவான். புரதம் செய்யாதென்றால் அதற்கு என்னதான் வேலை என்று ஒருமுறை கேட்டான். எந்த மரபணு எப்போது வேலை செய்யவேண்டும் என்பதில் கைவைக்கும் என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, லிஃப்ட்டில் தொங்கும் எதிர்எடை மாதிரி என்றான். அது ஒரு ஆளையும் ஏற்றாது, ஆனால் அது இல்லாமல் லிஃப்ட் ஏறாது. அதை அவள் ஒரு கருத்தரங்கில் எடுத்துவிட்டுக் கைத்தட்டல் வாங்கினாள். ஊசி ஏறத் தொடங்கிய பிறகு அவன் விரல்கள் மரத்துப்போயின. திருகாணி கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். குளிர்ந்த இரும்பில் பட்டால் ஷாக் அடித்தது போலக் கையை இழுத்துக்கொள்வான். அந்த ஊசியை விட்டுவிட அவனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. தங்கையே அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

அண்ணனிடம் போனில் சொல்லிப் பார்த்தாள். தட்டு வேறு, உடம்பு வேறு. இது மருந்தாக வருவதற்குள் காலம் ஓடிவிடும், வராமலே போனாலும் போகும். அவன் சிரித்தான். பெரிய ஆளானதும் அடக்கம் வந்துவிட்டது என்றான். எவ்வளவு தாமதமானாலும் காத்திருக்கத் தயார் என்றான். காத்திருக்க அவனிடம் காலம் எங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கடைசியில், அந்தத் தட்டைத் தன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அவனே கேட்டான்.

தலைவரிடம் அனுமதி வாங்கி, சனிக்கிழமை மதியம் கூட்டிவந்தாள். வெள்ளை அங்கி அவனுக்குத் தொளதொளவென்று தொங்கியது. நோய்க்கு முன்னால் பொத்தானே எட்டியிருக்காது. வாசல் காவலாளியிடம் இன்று தான்தான் பெரிய டாக்டர் என்று சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு வந்தான். வரும் வழியில் லிஃப்ட்டின் சத்தத்தைக் கேட்டு, எண்ணெய் போடச் சொல் என்றான்.

ஆர்.என்.ஏ.வை அடக்கிய தட்டை முதலில் வைத்தாள். அவன் நுண்ணோக்கியில் குனிந்தான். மிதப்பதெல்லாம் செத்ததா என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றதும் அவன் முதுகில் ஒரு நிமிர்வு வந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதுவும் செய்யாமல் விட்டிருந்த தட்டை அடுத்து வைத்தாள். அதில் செல்கள் இண்டு இடுக்கு விடாமல் நெருக்கியடித்துக்கொண்டு நன்றாக வளர்ந்திருந்தன.

"இது யாரோட கட்டி?"

அவள் எதிர்பார்க்காத கேள்வி. இந்தச் செல்களுக்குத்தான் தினமும் தீனி போடுகிறாள், ஞாயிற்றுக்கிழமையிலும் வந்து எட்டிப்பார்க்கிறாள். யாரோ ஒருவர் வயிற்றில் இருந்தவை என்பது நினைப்பிலேயே நிற்பதில்லை. ஒரு பெண்மணியுடையது என்றாள். நாம் பிறப்பதற்கு முன்னால் அவர் கட்டியிலிருந்து எடுத்தது, பிரித்துப் பிரித்து வளர்த்து எத்தனையோ ஆய்வகங்களுக்குப் போயிருக்கிறது என்றாள்.

"அந்தம்மா பொழச்சாங்களா?"

பதில் அவளுக்குத் தெரியும்; தெரியாது என்று சொன்னால் நம்பிவிடுவான். திங்கட்கிழமை ஊசியை நினைத்தாள். போனில் கேட்ட அண்ணியின் குரலை நினைத்தாள்.

"இல்லண்ணா."

"இது மட்டும் இருக்கு."

"ஆமா."

அவன் கண்ணை எடுக்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டால் மட்டும் நான் பிழைப்பேனா என்று அடுத்துக் கேட்பான் என்று பயந்தாள். அவனிடம் இருந்த ஒரே ஆறுதலையும் தன் கையாலேயே பிடுங்கிவிட்டாள். அவன் கேட்கவில்லை. பிடிமானம் தேடிய அவன் கை நுண்ணோக்கியின் ஓரத்தில் தெளிவைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் பட்டு அதைத் திருகியது. உள்ளே எல்லாம் கலங்கி வெறும் வெளிச்சமாகியிருக்கும். எதுவும் தெரியாத அப்போதும் அவன் முகத்தைக் காட்டாமல் குனிந்தே இருந்தான். சரிசெய்ய நீட்டிய கையை அவள் பாதியில் இழுத்துக்கொண்டாள்.