தூங்காத வண்டி

வண்டி மறுபடியும் படுத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. முதல் தடவை படுத்தபோது பேட்டரி பழசு என்றார்கள், புதிது போட்டேன். புதிதும் படுத்தது, சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார்கள். இப்போது அதே கதை. அடுக்குமாடியின் தரைக்கடியில் எங்கள் வண்டிகள் நிற்கும் இடத்தில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். அன்று புதன்கிழமை, அக்காவைப் பார்க்கப் போகும் நாள்.

அக்காவுக்கு நினைவு போய்விட்டது. நகரத்துக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். அங்கே பேருந்து போகாது. நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் நான் தலை வாரினால் மட்டும் அடம்பிடிக்காமல் உட்காருவாள். மற்றவர்கள் சீப்போடு போனால் கடிக்க வருகிறாளாம். வண்டி இல்லையென்றால் அவளுக்கு நான் இல்லை. எனக்கும் அவள் இல்லை.

மேலே போய் மெக்கானிக்குக்கு போன் செய்தேன். தன் வண்டியிலிருந்து கேபிள் போட்டு என் வண்டியை எழுப்பிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"லைட்ட ஆஃப் பண்ண மறந்திருப்பீங்கம்மா. வயசானா அப்படித்தான்."

"மறக்கல. வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுத்தான் மேல போனேன்."

"பாத்த மாதிரி உங்களுக்கு இருந்திருக்கும்."

அறுபத்திரண்டு வயதில் ஒருத்தி இந்த வார்த்தைக்கு என்ன பதில் சொல்வது? ஆமாம் என்றால் மறதி. இல்லை என்றால் மறந்ததையே மறந்த மறதி. வண்டியை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

சாயங்காலம் மகன் போன் செய்தான். மெக்கானிக் அதற்குள் ஓதிவிட்டார்.

"அம்மா, வண்டிய குடுத்துடலாம். ஞாயித்துக்கிழமை என் ஃப்ரெண்ட் பாக்க வரான்."

"யார் வண்டிய யாருடா குடுக்கறது?"

"கோவப்படாத. பெரியம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது? அடுப்ப அணைக்காம விட்டாங்க, குழாய மூடாம விட்டாங்க..."

பொய் சொல்ல மாட்டேன், பயந்துவிட்டேன். அக்காவும் அப்படித்தான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள், "நான் மறக்கலடி, மறக்கலடி" என்று. இரண்டு நாள் என் வீட்டுக்குள் என்னையே வேவு பார்த்தேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் போய்த் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் பெயர்களை ஒப்பித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதுவும் எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ என்று சந்தேகம் வந்தபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழுது பார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். போன் கரகரக்கிறது என்று ஒருவர் புகார் சொன்னால், நீங்கள்தான் ரிசீவரைச் சரியாக வைத்திருக்க மாட்டீர்கள் என்று தட்டிக்கழிப்பது ரொம்பச் சுலபம். எனக்குக் கீழே அப்படித் தட்டிக்கழித்தவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறேன். புகார் சொல்கிறவரை முதலில் நம்பு, அப்புறம் லைனை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார். எங்கள் வேலையே அதுதான். இந்தத் தடவை புகார் என்னுடையது. நம்புவதற்கு ஒருத்தியாவது வேண்டாமா?

சனிக்கிழமை பேட்டரிக் கடையிலிருந்து ஆளை வரவழைத்துப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, வயர் மாட்டாமல் வைக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை கரண்ட் அளக்கும் என் பழைய மீட்டரோடு கீழே இறங்கினேன். பானெட்டைத் திறந்து, பேட்டரிக்கும் அதன் வயருக்கும் நடுவில் மீட்டரைக் கோத்தேன். வெளியே போகிற கரண்ட் எல்லாம் இனி என்னிடம் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நீள வயர் இழுத்து மீட்டரை டிரைவர் இருக்கையில் வைத்துக்கொண்டேன். கதவு திறந்திருந்தால் வண்டி விழித்துக்கொண்டே இருக்கும். அதனால் பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, கதவு சாத்தியிருப்பதாக அதை ஏமாற்றினேன். பிறகு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அது தூங்கும்வரை காத்திருந்தேன்.

தூங்கவில்லை. நிறுத்தி வைத்த வண்டி கடிகாரத்துக்கும் பூட்டுக்கும் கொஞ்சம் குடிக்கும், ஐம்பது மில்லி ஆம்பியருக்குள் இருக்கும். மீட்டர் முந்நூறைக் காட்டியது. விளக்குகளைப் பார்த்தேன். ஒன்றுகூட எரியவில்லை, கரண்டைத் திருடுவது வேறு ஏதோ. அந்த இடத்தில் எழுந்து ஆடலாம் போல இருந்தது. முட்டி ஒத்துழைக்கவில்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஃபியூஸ் பெட்டி. ஒன்றைப் பிடுங்குவேன், மீட்டரைப் பார்ப்பேன், திரும்பச் சொருகுவேன். ஒரே நேரத்தில் இரண்டைத் தொடக் கூடாது, தொட்டால் எது திருடன் என்று தெரியாது. ரேடியோ, முந்நூறு. ஹாரன், முந்நூறு. உள்விளக்கு, முந்நூறு. போன் சார்ஜ் செய்கிற துளையின் ஃபியூஸைப் பிடுங்கினேன். மீட்டர் சடாரென்று இருபத்தைந்துக்கு இறங்கியது.

அந்தத் துளையில் நான் எதையும் சொருகியிருக்கவில்லை. டாஷ்போர்டின் அடிப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தேன். கம்பெனி வயர்களுக்கு நடுவே கறுப்பு டேப் சுற்றிய சிவப்பு வயர் ஒன்று, அழையா விருந்தாளி. அதைப் பிடித்துக்கொண்டே போனால் முனையில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. வயரோடு கழற்றி எடுத்துப் பிரித்தேன். உள்ளே சிம் கார்டு.

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வண்டி எங்கே போகிறது என்று யாருக்கோ தகவல் அனுப்புகிற பெட்டி. திறந்தவெளியில் நின்றால் தகவலை அனுப்பிவிட்டுச் சாதுவாகத் தூங்கியிருக்கும். இந்தத் தரைக்கடியில் என் போனுக்கே சிக்னல் வராது. பாவம், இரவும் பகலும் டவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றியிருக்கிறது. அது குடித்தது என் பேட்டரியை.

என் தலையில் பழுதில்லை. அந்தச் சந்தோஷத்தைக்கூட முழுதாக அனுபவிக்க விடாமல், மகன் நண்பனோடு படியிறங்கி வந்தான். பெட்டியை அவன் முன்னால் நீட்டினேன்.

"இது என்னடா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. நண்பன் டயரை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தான்.

"உன் நல்லதுக்குத்தாம்மா. பெரியம்மாவ அங்க சேத்தப்போ, மெக்கானிக்கிட்ட சொல்லி மாட்டினேன். நீ எங்கயாவது வழி தெரியாம நின்னுட்டா..."

"இதாலதான் பேட்டரி படுக்குது. அது தெரியுமா?"

"சத்தியமா தெரியாதும்மா. இத்துனூண்டு பெட்டி என்ன பண்ணும்னு அவரும் சொன்னார்."

"சரி, தெரியாது. நான் போற எடத்த தினம் பாத்தியா?"

"பாத்தேன்."

"என்னைக்காவது வழி மாறிப் போனேனா?"

"இல்ல."

"வீட்டுக்குத் திரும்பத் தெரியாம எங்கயாவது நின்னேனா?"

"இல்லம்மா."

"சுத்தின எடத்துலயே சுத்தினேனா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான்.

"அப்போ நான் நல்லாத்தான் இருக்கேன்னு இத்தன மாசமா உனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. அக்கா மாதிரி ஆயிடுவேனோன்னு அடுப்பத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். எல்லாம் தெரிஞ்ச நீ, வண்டிய விக்க ஆளக் கூட்டிட்டு வந்திருக்க."

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் பெற்ற வயிறுதான், சுருக்கென்றது. ஆனாலும் இறங்கி வர மனசில்லை.

"வண்டி விக்கறதுக்கில்ல தம்பி," என்றேன் நண்பனிடம். "பொட்டி வேணும்னா எடுத்துட்டுப் போங்க. நல்லா வேல செய்யுது." நண்பன் மேலே காத்திருப்பதாக முணுமுணுத்துவிட்டுக் கிளம்பினான்.

பலகையை மாட்டினேன், ஃபியூஸைச் சொருகினேன், பேட்டரி வயரை முறுக்கினேன். மகன் ஸ்பேனரைப் பிடிக்கக் கை நீட்டினான். கொடுக்கவில்லை. பானெட்டை மூடி, உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது.

அவன் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டான். "எங்கம்மா போற?"

"புதன்கிழமை வா, பெரியம்மாவப் பாக்கக் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கு நான் எங்க போறேன்னு உனக்குத் தெரிய வேண்டாம்."

அவன் கையை எடுத்தான். சரிவில் ஏறித் தெருவுக்கு வந்தேன். அக்காவின் இல்லத்துக்கு வலப்பக்கம், கடைத்தெருவுக்கும் வலப்பக்கம், அவன் வீட்டுக்கும் வலப்பக்கம்தான். நான் இடப்பக்கம் திரும்பினேன்.