வாசலில் கட்டிய வார்த்தை

வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஓர் ஆங்கில வார்த்தையை விற்பனைக்குக் கட்டியிருந்தார்கள். எருமைகளுக்கு அடுத்த வரிசையில், முளைக்குச்சியில். கயிறு புதுசு. வார்த்தை பழசு. பார்ப்பதற்கு, ஒரு வார்த்தை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. பேர் குவெயில்.

மஞ்சள் வியாபாரி செங்கோடன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். சந்தைக்கு வந்தவன் தனக்கு வேண்டியதை நேராகப் பார்க்கக் கூடாது. பார்த்தால் விலை ஏறும். அதனால் பக்கத்து எருமையைப் பார்த்தான். எருமைக்கும் சந்தை வழக்கம் தெரியும். அது அவனை நம்பவில்லை.

செங்கோடனுக்கு இருந்த இக்கட்டு இதுதான். பெண்சாதி மயிலாத்தாள் கோபித்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். எதிர்வீடு அவள் அண்ணன் ராக்கியப்பனுடையது. கோபம் எதற்கு என்பது இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. ஆனாலும் கோபம் கோபம்தான். வாசலில் வந்து நின்று வாய்விட்டுக் கூப்பிட்டால் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மண்டியில் செங்கோடன் பேச ஆரம்பித்தால், விற்க வந்தவன் வாங்கிக்கொண்டு போவான். அப்படிப்பட்ட வாய். மச்சான் வீட்டு வாசலில் நின்றால் மட்டும் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். "மயிலாத்தா, வா, வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லத்தான் போவான். வாயில் வருவது, "மச்சான், ஏணி இருக்குங்களா?" என்பது. ராக்கியப்பன் கௌரவமான ஆள். ஏணியைக் கொடுத்துவிடுவான். அடுத்த தடவை செங்கோடன் ஆட்டுக்கல்லைக் கேட்டான். அதற்கடுத்து முருகன் படம். போன தடவை வாசல் கதவையே கேட்டுவிட்டான். கழற்றிக் கொடுத்தார்கள்.

கூப்பிடாமல் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் தெரு கொஞ்சம் அகலமாகிக்கொண்டே போனது. இப்போது எதிர்வீட்டுக்குப் போக டவுன் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. இன்னும் இரண்டொரு தடவை இப்படியே திரும்பினால் எதிர்வீடு வேறு தாலுகாவுக்குப் போய்விடும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

தரகர் ஆறுச்சாமி பக்கத்தில் வந்து நின்றார்.

"எரும வேணுங்களா?"

"இல்லீங். சும்மா பாத்தேன்."

"அப்ப வார்த்ததான் வேணும்."

செங்கோடன் மறுக்கவில்லை. தரகனிடம் மறுத்தால் அதற்கும் ஒரு விலை.

"இது என்ன வேல செய்யுமுங்?"

"மனுசனுக்கு நெஞ்சு விட்டுப்போகுதல்லங்க, அந்த வேல. வேற வேலைக்குப் பழக்கலீங்."

"அதுதான் எங்கிட்டயே கெடக்குதே. வெல குடுத்து வேற வாங்கோணுமா?"

"உங்களுது கயிறில்லாமக் கெடக்குது. கயிறில்லாதது ஊட்டுக்குள்ளயே சுத்தும். இதக் கொண்டுபோயி அடுத்தவன் வாசல்ல கட்டுங்க. அங்க இருக்கறவங்களுக்கெல்லாம் நெஞ்சு விட்டுப்போகும். கட்டுனவன மட்டும் ஒண்ணும் பண்ணாது. அதுக்குத்தான் கயிறு."

செங்கோடன் வார்த்தையின் தாடையைப் பிடித்துத் திறந்து பல்லைப் பார்த்தான். வயதைப் பல்லில் பார்ப்பது வழக்கம்.

"நடுவுல பல்லு உழுந்து மொளச்சிருக்குதே."

"உங்க கண்ணுக்குத் தப்புமா. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங். மொதல்ல இது பால் திரியறதுக்கு இருந்துச்சாம். பிரெஞ்சுக்காரன் ஊட்டுல. பொறவு செடி வாடறதுக்குப் போட்டாங்க. அதுக்கப்பறந்தான் மனுசனுக்குப் பழக்குனது. வெவரம் தெரிஞ்சவங்க சில பேரு, பாலுக்கு இருந்தது வேற, மனுசனுக்கு வந்தது வேறம்பாங்க. சந்தையில அந்தளவுக்குப் பாக்கறதில்லீங்."

"பல்லக் கேட்டேன்."

"வர்றேன். நடுவுல ரொம்ப வருசம் இதச் சீந்த ஆளில்ல. தீனியில்லாம பல்லெல்லாம் உதுந்துபோச்சு. அப்பறம் கத எழுதற ஆளு ஒருத்தரு ஓட்டிட்டுப் போயி வேலைக்கு உட்டாரு. மறுபடி மொளச்சுது."

"காடைக்கும் இதே பேருதானுங்களே?"

"பேரு ஒண்ணா இருந்தாப் பங்காளி ஆயிருமா? ஊர்ல எத்தன ஆறுச்சாமி இருக்கறான். அத்தன பேருக்கும் நான் பதில் சொல்ல முடியுங்களா?"

செங்கோடன், மாட்டுக்குப் பார்ப்பது போலவே சுழி பார்த்தான். சுழி சுத்தமாக இருந்தது. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. குறை சொல்லாமல் வாங்கினால் வியாபாரிக்கு அசிங்கம். "உச்சரிக்கறதுக்குக் கஷ்டம்" என்றான். தரகர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவருடைய வலது கைகளின் மேலும் போட்டார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்து அழுத்திப் பேசுவது. என்ன விலை என்பது உள்ளே இருக்கிற இரண்டு கைகளுக்குத்தான் தெரியும். சுற்றி நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்ளலாம்.

செங்கோடன் ஒரு விரலைக் கொடுத்தான். வார்த்தை பக்கத்திலேயே நின்றது. அதை இன்னும் அவன் கட்டவில்லை. அது தன் வேலையைச் செய்தது. அவன் விரல் நடுங்க ஆரம்பித்தது. சந்தைக் கணக்கில் ஒவ்வொரு நடுக்கமும் ஓர் ஏற்றம். இன்னொரு விரலும் சேர்ந்து நடுங்கியது. பிறகு கை முழுக்க.

ஆறுச்சாமியின் புருவம் மேலே போனது. "போதுங், போதுங். நான் கேக்காத வெலையெல்லாம் நீங்களே ஏத்தறீங்க."

"நான் எதுவும் ஏத்தலீங்களே."

"கை பேசியாச்சு. வாய்க்கு இங்க வேலையில்லீங்."

"எதுக்கு முடிஞ்சுது?"

"உள்ளாரயே சொல்றேன்."

துண்டுக்குள் தரகர் விரல்களை வரிசையாக அழுத்தினார். ஏணி. ஆட்டுக்கல். முருகன் படம். கதவு. எதிர்வீட்டிலிருந்து இரவல் வாங்கிய அத்தனையும் போயிருந்தது. மச்சான் சாமானை விற்று, மச்சான் வாசலில் கட்ட ஒரு வார்த்தை. செங்கோடன் வாழ்நாளில் இப்படி ஒரு வியாபாரம் செய்ததில்லை. லாபமா நஷ்டமா என்றும் விளங்கவில்லை. முளையிலிருந்து அவிழ்த்து ஓட்டிக்கொண்டு கிளம்பினான்.

பஸ்ஸில் அதைச் சீட்டுக் காலில் கட்டினான். அதோடு அவன் கை நடுக்கம் நின்றது. கண்டக்டர் பின்னாலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். தமிழ் வார்த்தை என்றால் சும்மா வரலாம், ஆங்கில வார்த்தைக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார். பக்கத்தில் வந்து வார்த்தையைப் பார்த்தார். பையை மூடினார்.

"காத்து வருதுங்களா அண்ணா?" என்று கேட்டுவிட்டு முன்னால் போய் நின்றுகொண்டார்.

எதிர்வீட்டில் கதவு இல்லாததால் செங்கோடன் வார்த்தையை நிலைப்படியில் கட்டினான். அது கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு தன் பழைய உத்தியோகங்களை முதலிலிருந்து ஆரம்பித்தது.

அடுப்படியில் பால் திரிந்தது. வாசல் முருங்கை இலைகளைத் தொங்கப் போட்டது. அப்புறம் ராக்கியப்பன் வெளியே வந்தான்.

சாமான் விற்றுப்போன சேதி அவனுக்கு முன்பே வந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். மீசையைக்கூடத் தடவிவிட்டிருந்தான். "ஏ மாப்ளே" என்று ஆரம்பித்தவன் வார்த்தையைப் பார்த்தான். வேட்டியை இறக்கிவிட்டான்.

"சாப்ட்டீங்களா?" என்றான்.

"ஆச்சுங்க மச்சான்."

"இன்னொருக்காச் சாப்புடுங்க."

"வேண்டாங்க."

"செரி. நான் உள்ள இருக்கறேன்." போகிற போக்கில் தயங்கி நின்றான். "அது தவுடு திங்குமா?"

"தெரியலீங்க. கேக்க மறந்துட்டேன்."

ராக்கியப்பன் உள்ளே போய், ஆட்டுக்கல் இருந்த இடத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். ஆட்டுக்கல் அங்கே இல்லை. ஆள் நன்றாகத் தெரிந்தான். செங்கோடன் பார்க்காத மாதிரி இருந்துகொண்டான்.

மயிலாத்தாள் வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

செங்கோடன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் இருந்தது. நாக்கு, அது இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. சொன்னான்.

"மயிலாத்தா, வா, வீட்டுக்குப் போலாம்."

சுத்தமாக வந்தது. தெரு முழுக்கக் கேட்டது. அவனுக்கே யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

மயிலாத்தாள் வாயைத் திறந்தாள். 'வர்றேன்' என்பது அவள் தொண்டை வரைக்கும் ஏறி வந்ததைச் செங்கோடன் கண்ணாலேயே பார்த்தான். அங்கே அது நின்றுவிட்டது. அவள் நிலைப்படியில் கட்டியிருந்ததைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது. 

"கொஞ்சம் உப்பு இருக்குங்களா?" என்றாள்.

செங்கோடன் குழம்பிப்போனான். இத்தனை நாளும் கேட்டுத்தான் பழக்கம். பதில் சொல்லிப் பழக்கமில்லை. உப்பு இருக்கிறது என்று சொல்லி எடுத்துவரப் போனால் தெரு இன்னும் அகலமாகும். இல்லை என்றால் பேச்சே முடிந்துபோகும். பஸ் வேறு திரும்பி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"இருக்குது" என்றான். "ஊட்டுல இருக்குது. வந்து எடுத்துக்க."

அவள் யோசித்தாள். உள்ளே போனாள். வெகுநேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது கல்யாணத்துக்கு வாங்கிய டிரங்குப் பெட்டி அவள் இடுப்பில் இருந்தது.

"பொட்டி எதுக்கு?"

"உப்புக்குங்க."

"பொட்டி நெறையவா?"

"வேணுமல்லங்க."

செங்கோடன் பெட்டியை வாங்கிக்கொண்டான். ஏற்கெனவே கனமாக இருந்தது. ஒரு பிடி உப்புக்குக்கூட அதில் இடம் இருக்காது. அதைப் பற்றிக் கேட்கலாமா என்று நினைத்தான். கேட்கவில்லை. வீட்டில் பெட்டி நிறைய உப்பு இல்லை என்பதுதான் அவனுக்குக் கவலையாக இருந்தது. சொன்ன சொல்லுக்குச் சரக்கு இருக்க வேண்டும்.

அதனால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, வழியிலிருந்த கடையில் ஒரு மூட்டை கல்லுப்பு வாங்கினான். பேரம் பேச மறந்துவிட்டான். கடைக்காரருக்குச் சந்தேகம் வந்து, உப்பை வாயில் போட்டுப் பார்த்தார்.

"இதத் திருப்பிக் குடுக்கோணுங்களா?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

"எரவல்னா குடுக்கத்தான வேணும்."

"எப்படிக் குடுக்கறது?"

செங்கோடன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வார்த்தையும் கயிறும் மச்சான் நிலைப்படியிலேயே நின்றுவிட்டன, பக்கத்தில் இல்லை. ஆனாலும் நாக்கு மறுபடி மேலே போய் ஒட்டப் பார்த்தது.

"அவசரமில்ல. கொழம்புல கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக் குடு."

மயிலாத்தாள் மூட்டையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கனம் பார்த்தாள். அண்ணன் வீட்டில் எத்தனையோ மூட்டைகளைக் கனம் பார்த்து வளர்ந்தவள்.

"இது சீக்கிரம் தீந்துருமுங்க" என்றாள். "இன்னொண்ணு வாங்குங்க."

செங்கோடனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இறங்கிப் போய் இன்னொரு மூட்டை வாங்கினான்.